சம ஆசனமும் சம போசனமும்: பல்கலைக்கழகக் கல்லூரியில் மாணவர் நலன்

கல்வி பெறும் உரிமை வேறு. புகுந்த இடத்தில் நிலைத்து நின்று அக்கல்வியை நிறைவு செய்யும் வாய்ப்பு வேறு. முன்னையதைச் சட்டம் அளிக்கலாம். பின்னையதை ஒரு நிறுவனத்தின் அன்றாட ஒழுக்கமே அளித்தல் கூடும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர், மாணவர் ஒருவருக்கு அனுமதிக் கடிதம் கிடைத்த அன்றே நீதி நிறைவேறிற்று என்று மகிழ்ந்து வாளாவிருப்பர். ஆனால், தம் ஊரில் எவரும் சென்றறியாத ஓர் உயர்கல்விக் கூடத்தின் வாயிலில் அக்கடிதத்தோடு நிற்கும் இளைஞருக்கு அன்றுதான் சோதனை தொடங்குகின்றது. எங்கே தங்குவது, எதனை உண்பது, எம்மொழியிற் பேசுவது, இடர் வந்தால் யாரிடம் முறையிடுவது என்னும் வினாக்கள், அவர் நூலகத்துட் புகுமுன்னரே அவரைச் சூழ்ந்துகொள்கின்றன. மாணவர் நலன் எனப்படுவது இவ்வினாக்களுக்கு ஒரு கல்லூரி கூறும் விடையேயாகும்.

இவ்வுண்மையைத் தமிழ்மக்கள் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றில் 'சம ஆசனம், சம போசனம்' என்ற இரட்டைத் தொடர் நன்கறியப்பட்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பள்ளியிற் சேர்க்கப்பட்ட பின்னரும், ஏனையோர் வாங்கில் அமர, அவர்கள் நிலத்திலோ புறத்தேயோ இருத்தப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1930ஆம் ஆண்டை அண்டி, அரசின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டுமென வற்புறுத்தப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைக் கட்டடங்கள் தீக்கிரையானதும் உண்டு. பிள்ளையின் பெயர் இடாப்பில் இருந்தது. அமர இடமோ இல்லை. சேர்க்கப்படுதலும் ஏற்கப்படுதலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழகத்திலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர்ச் சேரன்மாதேவியில் நடைபெற்றது. தேசியக் கல்வியும் தாய்மொழிப் பற்றும் அதன் நோக்கங்கள். பொதுமக்கள் நன்கொடையும் காங்கிரசின் உதவியும் அதற்கு வாய்த்தன. அங்கே பிராமணச் சிறுவருக்கு மட்டும் தனியிடத்தில் உணவு அளிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது, வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் அதனை எதிர்த்து நின்றனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் அப்பிணக்கு நாடெங்கும் பரவி, தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. பாடத்திட்டத்திற் குறை காணப்படவில்லை. ஆசிரியரின் நாட்டுப்பற்றை எவரும் ஐயுறவுமில்லை. பந்தி பிரிந்தது, அதனாற் பள்ளியின் பெயர் கெட்டது.

இனி உயர்கல்வியை நோக்குவோமாயின், இலங்கையிற் 'பல்கலைக்கழகக் கல்லூரி' என்னும் அமைப்பு 1921இற் கொழும்பில் தோன்றியது. அது தானே பட்டம் வழங்கும் அதிகாரம் பெறாது, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. அத்தேர்வுகளுக்குக் கல்லூரியிற் சேராமலும் தோற்றலாம். 1920களில் இராமகிருஷ்ண சங்கத்தின் சார்பில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை வகித்த சுவாமி விபுலானந்தர், துறவு பூணுமுன் 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தை அவ்வழியிலேயே பெற்றார். பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரும் ஆயினார். தனித்திருந்து விளக்கொளியிற் படித்தும் பட்டம் பெறலாம் என்றால், கட்டடமும் விரிவுரையாளரும் விடுதியும் எதற்காக என்ற வினா எழுதல் இயல்பே. நூல் தரமுடியாத ஒன்றைக் கூடிவாழ்தல் தரும் என்பதே அதற்குரிய விடை. ஆகவே, கூடிவாழ்தலைச் செம்மை செய்யாத கல்லூரி, தான் இருப்பதற்குரிய காரணத்தையே இழந்துவிடுகின்றது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் இவ்விடையையே பின்பற்றினார். மாணவர் உறைந்து கற்கும் பல்கலைக்கழகமாகவே பேராதனை திட்டமிடப்பட்டது. 1952 முதல் அங்கே மாணவர் விடுதிகளில் வாழ்ந்தனர். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக என்னும் பெயர்கள் விடுதிகளுக்கு இடப்பட்டன. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாக, ஆங்கிலக் கல்லூரிகளின் பிள்ளைகளோடு கிராமத்துப் பிள்ளைகளும் அங்குச் செல்லத் தலைப்பட்டனர். 1960 அளவிற் கலைத்துறையிற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. இதனால் ஊரகத்து மாணவருக்குப் பெருநன்மை விளைந்தது. அதேவேளை, ஒரே பாடத்தைப் பயிலும் இரு சாராரும் வேறு வேறு மண்டபங்களில் அமரும் நிலையும் தோன்றியது. வகுப்பறை பிரிந்தபின் அவர்கள் சந்திக்கக்கூடிய இடங்கள் விடுதியும் விளையாட்டிடமும் உணவுச்சாலையுமே. எனவே இவ்விடங்களின் பொறுப்பு முன்னினும் மிகுந்தது.

அனுமதியைப் பற்றிய வழக்கு 1970களிற் பெரிதாயிற்று. மொழிவாரியான தரப்படுத்தலும் பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடும் தமிழ் இளைஞர் உள்ளத்தில் ஆழ்ந்த புண்ணை ஏற்படுத்தின என்பது வரலாறு. அதன்பின் பலமுறை திருத்தப்பட்ட ஏற்பாட்டின்படி, பெரும்பாலான துறைகளுக்குரிய இடங்களில் 40 விழுக்காடு நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகை அடிப்படையிலும், 5 விழுக்காடு கல்வி வசதி குறைந்தனவெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்குமாகப் பங்கிடப்பட்டன. திருகோணமலை அப்பதினாறனுள் ஒன்று. இம்முறையின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு நோக்கமன்று. எவ்வாறாயினும், ஒரு மாணவரை வேறு மாவட்டத்துக்கும் வேறு மொழிச் சூழலுக்கும் இடம்பெயர்த்து அனுப்பும் அரசு, அவர் அங்கே வாழ்தற்கு வழிசெய்யும் கடமையையும் உடன் ஏற்கின்றது என்பதே கருதற்பாலது.

கிழக்கிலங்கையில் உயர்கல்வி வேரூன்றிய வரலாறும் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்தே தொடங்குகின்றது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் நிறுவப்பெற்று, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1993இல் திருகோணமலையில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2001இல் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாக மாறியது. நகருக்கு வடக்கே கோணேசபுரியில் அமைந்துள்ள இவ்வளாகத்திற் பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடலும் வணிகமும் என்னும் துறைகளோடு, 2008இல் அலகாகத் தொடங்கிய சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாகப் பல மாவட்டத்து மாணவர் இங்கு வருகின்றனர்.

இவ்வளாகம் அமைந்த மாவட்டமே பல்லினத்தது. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கு வாழ்ந்த ஏறத்தாழ 380,000 மக்களுள், பத்தில் நால்வர் முஸ்லிம்கள்; மூவருக்குச் சற்று மேற்பட்டோர் தமிழர்; நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் சிங்களவர். எவரும் தாமே பெரும்பான்மையினர் என்று கூறவியலாத மாவட்டம் இது. கோணேசர் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் துறைமுகத்தைச் சூழ அமைந்த இந்நகரில் ஒத்து வாழ்தல் பழக்கத்தால் வந்த பண்பு. ஆயினும் போர்க்காலத்தில் அப்பண்பு பலமுறை சிதைவுற்றதும் மறுக்கவியலாதது.

சிதைவின் விலை யாதென்பதை உயர்கல்வி வரலாறே காட்டுகின்றது. 1990க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நிலவிய சூழ்நிலையில், முஸ்லிம் மாணவரும் ஆசிரியரும் தத்தம் பல்கலைக்கழகங்களில் அச்சமின்றித் தொடர்ந்திருத்தல் அரிதாயிற்று. அதன் விளைவாக 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, மறு ஆண்டிற் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் வளர்ந்தது. அது இன்று சிறந்த கல்விப்பணி ஆற்றுகின்றது. அதன் தோற்றத்தை எவரும் குறைகூறல் தகாது. எனினும், அதற்கு வித்திட்டது அறிவுத்துறையின் விரிவு மட்டுமன்று. ஒருங்கிருந்து கற்கமுடியாமற்போன அவலமும் ஆகும். கல்லூரியில் ஒரு சாரார் பாதுகாப்பை இழந்தால், இழப்பு அவர்களோடு நில்லாது. எஞ்சியோர் தம் அயலாரை அறியும் வாய்ப்பை இழக்கின்றனர்.

அவரவர் சமூகத்துக்கு அவரவர் கல்லூரி இருத்தலே அமைதிக்கு வழி என்று கூறுவாரும் உளர். அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் உள்ள பெரியாக் கல்லூரியின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1855இல் தொடங்கிய அந்நிறுவனம், உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினத்தவரையும் வெள்ளையினத்தவரையும் ஒருங்கே கற்பித்தது. 1904இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம் அவ்வாறு கற்பித்தலைக் குற்றமாக்கியது. 1908இல் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றது. 1950இற் சட்டம் தளர்ந்ததும் கல்லூரி மீண்டும் இரு சாராருக்கும் வாயிலைத் திறந்தது. பிரிக்கும் சட்டத்தை ஒரு நாளில் இயற்றலாம். பிரிந்ததை ஒட்டுதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

இனி, சேர்ந்து கற்றலுக்குத் தடையாவன யாவை எனப் பகுத்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, வழியும் உறைவிடமும். கொட்டியாரக் குடாவும் களப்புகளும் ஊடறுத்துச் செல்லும் இம்மாவட்டத்திற் கல்விக்கூடத்தை அடைதலே ஒரு முயற்சி. 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அவ்வூரார் நகருக்கு வரப் பாதையையே நம்பியிருந்தனர். 2021 நவம்பரிற் குறிஞ்சாக்கேணியில் மக்களை ஏற்றிச் சென்ற பாதை கவிழ்ந்தபோது பள்ளிச் சிறுவரும் உயிரிழந்தனர். பள்ளிக்குச் செல்லும் வழியே உயிரைக் கேட்குமாயின், பிள்ளையைத் தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குதல் வியப்பன்று. இலங்கைப் பல்கலைக்கழக மாணவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாதலால், பாதுகாப்பான விடுதி என்பது சலுகையன்று. அதுவே கல்வியின் முதற்படி. புதிதாக வருவோருக்கு விடுதியில் இடம் ஒதுக்கும்போது ஒரே ஊரார், ஒரே மொழியார் எனக் கூட்டங்கூட்டமாக அடைத்துவிடாது, விருப்பறிந்து கலந்து இருத்துதல் நன்று. வற்புறுத்திக் கலப்பதும் பயன்படாது. மொழி தெரியாத மூவருக்கிடையே தனித்த ஒருவரை விடுதல் அவரை மேலும் தனிமையாக்கும். இருவர் இருவராக இணைத்தலே தக்கது.

இரண்டாவது, பொருள். இலவசக் கல்வியிற் கட்டணம் இல்லையேனும் உணவுக்கும் உடைக்கும் நூலுக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். 1981இற் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியமும், வறிய குடும்பத்தாருக்கான உதவிப்பணமும் இதற்கென அமைந்தவை. மகாபொல உதவி மாதத்துக்கு 5,000 ரூபாவாக இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2022இற் பொருள்விலை ஏறிய வேகத்தை நினைப்போர் இத்தொகை எத்துணை என்பதை அறிவர். உதவியின் அளவினும் அதன் காலமே சிலபோது பெரிதாகும். முதலாண்டின் முதல் மாதங்களில் மாணவருக்குச் செலவு மிகுதி; உதவித்தொகையோ தெரிவும் சரிபார்ப்பும் முடிந்த பின்னரே கைக்கு எட்டுவது. மீனவரின் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் படிப்பைக் கைவிட எண்ணுவது பெரும்பாலும் இவ்விடைவெளியிலேதான். பழைய மாணவர் சங்கங்கள் பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை, இவ்விடைவெளியை நிரப்பும் கடனுதவியாக ஒதுக்கின், பாராட்டு மடல்களினும் அது பெரும்பயன் விளைக்கும்.

மூன்றாவது, மொழி. பள்ளியிற் தமிழிலோ சிங்களத்திலோ பயின்ற மாணவர், வளாகத்திற் பெரும்பாலான பாடங்களை ஆங்கிலத்திற் கற்கவேண்டியுள்ளது. க.பொ.த. உயர்தரத்திற் சிறந்த பெறுபேறு பெற்றவரும் முதல் விரிவுரையில் ஊமையராய் இருத்தலைக் காணலாம். ஆயினும் இத்தடையில் ஒரு நன்மையும் மறைந்து கிடக்கின்றது. ஆங்கிலம் மூவினத்தாருக்கும் ஒருபடித்தாய் அந்நியமாதலால், அதனைக் கற்கும் வகுப்பில் எவரும் உயர்ந்தவரல்லர். 1960களிற் போதனாமொழி பிரித்த மண்டபத்தை, இன்று பொதுவான இடர்ப்பாடு மீண்டும் ஒன்றாக்கியுள்ளது. ஆங்கில வகுப்பை வெறும் இலக்கணப் பயிற்சியாக நடத்தாது, சிங்கள மாணவர் தமிழ் மாணவருக்கும் தமிழ் மாணவர் சிங்கள மாணவருக்கும் தத்தம் ஊரை விளக்கும் இடமாக நடத்தின், ஒரு கல்லில் இரு காய் விழும். அதனோடு, விடுதி விதிகளும் தேர்வு அறிவித்தல்களும் நோய்க்கால உதவி பற்றிய குறிப்புகளும் மும்மொழியிலும் எழுதப்படல் வேண்டும். தமக்குரிய உதவி எங்கே கிடைக்கும் என்பதைத் தாமறிந்த மொழியில் அறியாதவருக்கு அவ்வுதவி இல்லாததற்கு ஒப்பாகும்.

நான்காவது, பகிடிவதை. வந்தவரை வரவேற்கும் வேடிக்கை என்ற பெயரில் நிகழும் இக்கொடுமை, உடலூனத்துக்கும் உயிரிழப்புக்கும் காரணமானதுண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி, இரண்டாண்டு வரையும், கடுங்காயம் முதலியன விளைந்தவிடத்துப் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதித்தது. சட்டம் வந்தும் தீமை முற்றாக ஒழியவில்லை. அதற்குக் காரணம், பகிடிவதை செய்வோர் தண்டனையோடு ஒரு பரிசையும் கையில் வைத்திருப்பதே. பணிந்து போவாருக்குப் பழைய குறிப்பேடுகளும் விடுதியில் இடமும் நட்பும் கிடைக்கும், பணியாதார் தனிமைப்படுவர். அந்நட்பையும் அந்த உதவியையும் கல்லூரியே முதல்நாள் முதலாக அளிக்குமாயின், பகிடிவதை செய்வோரின் கைச்சரக்குத் தீர்ந்துவிடும். தண்டனை வேண்டும், ஆயின் தண்டனை மட்டும் போதாது.

ஐந்தாவது, உடற்குறையும் உளத்துயரும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறன் உடையோரின் உரிமைகளைக் காக்க எழுந்தது. பல்கலைக்கழக அனுமதியிலும் அவர்களுக்குச் சிறப்பேற்பாடு உண்டு. அனுமதி பெற்றவர் இரண்டாம் மாடி விரிவுரை மண்டபத்துக்குப் படியேற இயலாராயின், அவ்வேற்பாடு படிக்கட்டின் அடியிலேயே முடிந்துவிடும். உளத்துயரோ கண்ணுக்குத் தெரிவதில்லை. போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் இக்கரையோரத்துக் குடும்பங்களைத் தாக்கின. 2006 சனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டமை இந்நகரத்தார் நெஞ்சில் ஆறாத வடு. துயருற்ற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் வகுப்பில் வாயடைத்திருந்தால், சோம்பரென்று முடிவு கட்டுதல் எளிது. அழைத்து வினவுதல் அரிது. மாணவர் ஆலோசகர் பதவி என்பது இவ்வரிய செயலுக்கென ஏற்பட்டது. அப்பதவியில் இருப்போர் மாணவரின் மொழியிற் பேசவல்லராயும், கேட்டதைப் புறத்தே கூறாதவராயும் இருத்தல் இன்றியமையாதது.

இறுதியாக உணவு. இங்கேதான் பழைய தொடர் மீண்டும் பொருள்படுகின்றது. முஸ்லிம் மாணவருக்கு ஆகுமான உணவும், நோன்பு மாதத்தில் வைகறையிலும் அந்தியிலும் உண்ணும் வசதியும் வேண்டும். சைவ மாணவருக்கு வெள்ளிக்கிழமையிலும் கந்தசட்டியிலும் மரக்கறி உணவு வேண்டும். பௌத்த மாணவருக்குப் பூரணை நாள் அனுட்டானம் உண்டு. இவற்றுக்கு இடமளித்தல் சேரன்மாதேவியில் நடந்ததைத் திரும்பச் செய்தல் ஆகாதோ என்று ஒருவர் வினவலாம். ஆகாது. அங்கே பிரிக்கப்பட்டது உயர்வு தாழ்வு கருதி. இங்கே வேறுபடுவது நோன்பும் வழக்கமும் கருதி. சமைக்கும் கலமும் பரிமாறும் கரண்டியும் வேறாகலாம்; அமரும் மண்டபம் வேறாதல் கூடாது. இலையில் வேற்றுமை இருக்கலாம். பந்தியில் இருத்தல் ஆகாது. உடை, வழிபாடு, விழா ஆகியவற்றுக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். ஒருவரின் வழக்கத்தை மதித்து இடமளிக்கும் ஏற்பாடு நலன். அவ்வழக்கத்தையே காரணங்காட்டி அவரை அப்புறப்படுத்தும் ஏற்பாடு தீண்டாமையின் புதுவடிவம்.

இத்தகைய பராமரிப்பு மாணவரை மென்மையராக்கிவிடும். இடருற்றுக் கற்றவரே உரம் பெறுவர் என்பது ஒரு வாதம். இடரிற் கற்று உயர்ந்தோர் பலர் என்பது மெய்யே. ஆனால், இடரிற் சிக்கி இடைநின்றோர் எத்தனை பேர் என்பதை அவ்வாதம் எண்ணுவதில்லை. வென்றவரின் கதையே ஏட்டில் ஏறுகின்றது. பாடத்தின் கடுமை மாணவருக்கு உரம் தரும். பசியும் அவமதிப்பும் தருவது உரமன்று. தேர்வின் தரத்தைச் சற்றுந் தாழ்த்தாது, தேர்வுமண்டபம் வரையிலான வழியைச் செப்பஞ் செய்தலே நலப்பணியின் எல்லை.

இப்பணி வளாகத்தாருக்கு மட்டும் உரியதுமன்று. பதின்மூன்று ஆண்டுகள் தம்மினத்தாரோடு மட்டும் ஒரே மொழியிற் கற்ற பிள்ளை, பதினான்காம் ஆண்டில் திடீரெனப் பல்லினத்தாரோடு உறவாடக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்த்தல் நியாயமன்று. இத்துறைமுக மாவட்டத்துப் பாடசாலைகள் விளையாட்டிலும் விவாதத்திலும் சாரணர் பாசறையிலும் ஒன்றோடொன்று பழகுதல் வேண்டும். இரண்டாம் மொழிப் பாடம் தேர்வுக்கான சுமையாகாது, அயலாரோடு பேசும் கருவியாதல் வேண்டும். உயர்தர வகுப்பை விட்டு நீங்கும் மாணவருக்கு உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பும் முறை, விடுதி விதிகள், பகிடிவதைக்கு ஆளானால் முறையிடும் வழி ஆகியவற்றை ஆசிரியர் ஒரு வாரப் பயிற்சியாகக் கற்பித்தல் எளிது. முன்னரே வளாகஞ் சென்ற பழைய மாணவர் விடுமுறையில் வந்து அவ்வகுப்பை நடத்தின், அதன் பயன் இருமடங்காகும்.

யாழ்ப்பாணத்தில் வாங்கில் இடங்கேட்ட பிள்ளைகள் கருணையை வேண்டவில்லை. இடாப்பில் எழுதப்பட்ட தம் பெயருக்குரிய இடத்தையே வேண்டினர். கோணேசபுரியின் வாயிலுக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் இளைஞர் வேண்டுவதும் அதுவே. சம ஆசனத்தை அனுமதிக் கடிதம் அளித்துவிட்டது. சம போசனத்தை அளிக்க வேண்டியோர் அவருக்கு முன்னரே அங்கு அமர்ந்திருப்போர்.